ஆழாக்கு ராகியில் ஒரு பந்து: மூன்று பந்து வித்தையை வீட்டிலேயே பழகுவது எப்படி

மூன்று பந்தை மாற்றி மாற்றி வீசிப் பிடிக்கும் சர்க்கஸ் வித்தைக்கு மின்னல் வேகக் கை வேண்டும் என்றுதான் பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். வேண்டியது வேகமல்ல, ஒரே சீரான வீச்சு. ஒவ்வொரு முறையும் ஒரே உயரத்துக்கு, ஒரே இடத்துக்குப் பந்து போனால் பிடிப்பது தானாக வந்துவிடும். மாதக்கணக்கில் பழகியும் வராதவர்களைக் கவனித்துப் பாருங்கள். கோணலாக வீசிவிட்டு, அதைப் பிடிக்கக் கை அலைந்துகொண்டிருக்கும். கை பந்தைத் தேடிப் போகிற வரைக்கும் இந்த வித்தை பிடிபடாது.

நமக்கு இது அந்நியச் சரக்கும் அல்ல. பெண்கள் பாடிக்கொண்டே காய்களை எறிந்து பிடித்த அம்மானை இதே குடும்பத்து ஆட்டம்தான். பெண்பாற் பிள்ளைத்தமிழில் அதற்கென்று ஒரு பருவமே உண்டு. கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரையைத் தாண்டினால் எட்டிவிடும் திருவண்ணாமலையில் மாணிக்கவாசகர் பாடிய திருவம்மானையின் 20 பாட்டும் ‘அம்மானாய்’ என்றுதான் முடிகின்றன. எகிப்தில் பெனி ஹசன் கல்லறைச் சுவரில் ஏறக்குறைய 4,000 ஆண்டுக்கு முந்தைய ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் பந்து வீசுகிறவர்களும் பெண்களே.

ஐரோப்பிய மேடைகளில் இந்த வித்தைக்கு மவுசு கூடியதில் சென்னைப் பக்கத்து ஆள் ஒருவருக்குப் பெரிய பங்கு உண்டு. அங்கே அவரை ‘ராமோ சாமி’ என்று அழைத்தார்கள். ஊரில் ராமசாமியாக இருந்திருப்பார். 1810-களில் லண்டன் போனவர். பந்து வித்தையோடு வாள் விழுங்கும் வித்தையும் செய்தார், அமெரிக்காவுக்கும் போய்வந்தார், 1850-ல் லண்டனிலேயே வறுமையில் இறந்தார். அந்தக் காலத்தில் அங்கே போன இந்திய வித்தைக்காரர்கள் தரையில் உட்கார்ந்தபடி நான்கு பித்தளைப் பந்துகளை ஓட விட்டதைப் பார்த்து அசந்துபோய் வில்லியம் ஹாஸ்லிட் என்ற ஆங்கில எழுத்தாளர் 1821-ல் ஒரு கட்டுரையே எழுதினார். பித்தளை கையில் பட்டால் நசுங்காது, சறுக்கும், காலில் விழுந்தால் நகம் கறுத்துவிடும். அதை வைத்துக்கொண்டு நான்கு பந்து வீசியிருக்கிறார்கள் என்பதிலேயே அவர்கள் தரம் தெரியும். பழகுகிறவருக்கு அது சரிப்படாது.

பந்து செய்வது

முதலில் எது வேண்டாம் என்று சொல்லிவிடலாம். டென்னிஸ் பந்து 57 கிராம் அளவில்தான் இருக்கும். கையில் வந்து விழுந்ததே தெரியாது, பட்டதும் துள்ளி ஓடும். பழகும் நேரத்தில் பாதி அதைக் கட்டிலுக்கு அடியில் தேடுவதிலேயே போய்விடும். கிரிக்கெட் பந்து 160 கிராம் சொச்சம், எடை பரவாயில்லை. ஆனால் கல் மாதிரி இருக்கும், இரண்டு பந்து நடுவில் மோதித் தெறித்தால் பல் போகும். சீசன் நேரத்தில் கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கைக்கு எட்டுவது மாங்காய். அதுவும் வேண்டாம். பெங்களூராவின் வளைந்த மூக்கு ஒவ்வொரு சுற்றிலும் வேறு பக்கம் திரும்பி வரும்; புதிதாகப் பறித்த காயின் காம்புப் பால் பட்ட இடம் வெந்து புண்ணாகும்.

வேண்டியது விழுந்த இடத்திலேயே கிடக்கிற, உள்ளங்கையில் அடங்குகிற, கொஞ்சம் தொளதொளவென்ற பந்து. அதற்குள் அடைக்க ராகியைவிடத் தோதானது நம் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் கிடையாது. மணி சிறியது, உருண்டையானது, அதனால் பந்து கையின் வடிவத்துக்கு இளகிக் கொடுக்கும். அரிசியிலும் சோளத்திலும் வண்டு விழும்; ராகியில் லேசில் பூச்சி பிடிக்காது. புளியங்கொட்டை அடைத்தால் முனை குத்தும், கடகடவென்று சத்தமும் வரும். ஆற்று மணல் அடைத்தால் அதே அளவுப் பந்து ராகிப் பந்தைப் போல இரண்டு மடங்கு கனக்கும். கால் மணி நேரத்தில் மணிக்கட்டு வலி கண்டுவிடும்.

அளவு இதுதான்: பெரியவர் கைக்கு ஒரு பந்துக்கு ஒரு ஆழாக்கு. ஆழாக்கு என்பது 168 மில்லி. தலை தட்டி அளந்த ராகி ஏறக்குறைய 130 கிராம் இருக்கும், உருட்டினால் 68 மில்லிமீட்டர் விட்டத்தில் பந்தாகும். எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு 100 கிராம் போதும்; 62 மில்லிமீட்டர் வரும். மூன்று பந்தையும் ஒரே தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 5 கிராமைத் தாண்டினால் கனமான பந்து தாழ்வாகவே போகும், காரணம் புரியாமல் நீங்கள் கையைக் குறை சொல்வீர்கள். புதிதாக அடித்த ராகியாக இருந்தால் புடைத்து, ஒரு நாள் வெயிலில் காயவைத்து அடையுங்கள். ஈரம் இருந்தால் உள்ளே பூசணம் பிடிக்கும். மழையில் நனைய விட்டால் முளையே கட்டிவிடும்.

அவசரத்துக்கு பலூன் பந்து. போச்சம்பள்ளிச் சந்தையிலோ எந்தத் திருவிழாக் கடையிலோ கிடைக்கும் 9 அல்லது 12 அங்குல உருண்டை பலூன், பந்துக்கு மூன்று வீதம் வாங்குங்கள். ராகியை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கொட்டி, காற்றை நன்றாக வெளியேற்றி, வாயை முறுக்கி, மிச்சத்தை வெட்டி டேப் ஒட்டுங்கள். பலூனின் கழுத்தை வெட்டிவிட்டு வயிற்றுப் பகுதியை விரித்து அதன்மேல் மாட்டுங்கள். இரண்டாவது பலூனின் வாய் முதல் பலூனின் வாய்க்கு எதிர்ப்பக்கம் வர வேண்டும். மூன்றாவது திரும்பவும் மாறி. வாய்கள் ஒரே பக்கம் அமைந்தால் அந்த இடத்தில்தான் கிழியும். வெயிலில் போட்டால் ரப்பர் ஒட்ட ஆரம்பிக்கும். கொஞ்சம் முகப்பவுடர் தூவி நிழலில் வையுங்கள். எப்படிப் பார்த்தாலும் சில மாதம்தான் தாங்கும்.

நிலைத்து நிற்பது துணிப் பந்து. ஒரு பந்துக்கு நான்கு இதழ். ஒவ்வொரு இதழும் இரு முனையும் கூர்ந்து நடுவில் அகன்ற இலை வடிவம்: தையல் போக நீளம் 107 மில்லிமீட்டர், நடு அகலம் 54 மில்லிமீட்டர். சுற்றிலும் தையலுக்கு 6 மில்லிமீட்டர் விட்டு வெட்டினால் 119-க்கு 66. தையல்காரரிடம் கழிந்த ஜீன்ஸ், காக்கி, பள்ளி பேண்ட் துணி எதுவானாலும் சரி, நெசவு நெருக்கமாக இருக்க வேண்டும். உட்புறம் வெளியே தெரியும்படி நான்கையும் இணைத்துத் தைத்து, கடைசி விளிம்பில் 3 சென்டிமீட்டர் திறந்து விடுங்கள். புரட்டி, காகிதக் கூம்பு வைத்து ராகியைக் கொட்டி, மறைத் தையலால் மூடுங்கள். இங்கேதான் பெரும்பாலும் கெடும். ராகி மணி ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம்தான். தையல் அதைவிட விலகி இருந்தால் இரண்டே நாளில் வாசலெல்லாம் ராகி கிடக்கும், கோழிக்குத்தான் கொண்டாட்டம். பழைய சாக்ஸின் நுனியை வெட்டி, ராகியை அதில் கட்டி உள்ளே வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மூன்று பந்தும் மூன்று நிறத்தில் இருக்கட்டும். எந்தப் பந்து தப்பாகப் போகிறது என்று பக்கத்தில் நிற்கிறவர் சொல்ல வசதி.

நிற்கும் இடம்

கயிற்றுக் கட்டிலோ தாழ்வான மெத்தையோ முன்னால் இருக்கும்படி நில்லுங்கள். விழுகிற பந்து கட்டிலில் விழும். குனிந்து குனிந்து இடுப்பு ஒடியாது. முதல் வாரம் பந்து விழும் எண்ணிக்கையைப் பார்த்தால் இந்த ஒரு ஏற்பாட்டின் அருமை தெரியும். காலையில் கிழக்கே பார்த்து நிற்காதீர்கள், வெயில் கண்ணில் அடிக்கும். ஆடிக் காற்றில் ராகிப் பந்து பெரிதாக அசையாது, பிளாஸ்டிக் பந்து பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். பின்னணி வெற்றுச் சுவராகவோ வானமாகவோ இருந்தால் பந்து தெளிவாகத் தெரியும். கொடியில் கலர் கலராகத் துணி காயும் பக்கம் திரும்பி நின்றால் கண் குழம்பும்.

ஒரு பந்து

இதை விட்டுவிட்டு மூன்றுக்குத் தாவுவதுதான் எல்லோரும் செய்வது. குறைந்தது இரண்டு நாளாவது இதிலேயே இருங்கள்.

முழங்கை இடுப்பை ஒட்டி, முன்கை தரைக்கு இணையாக. பந்தைத் தொப்புளுக்கு அருகே கொண்டுவந்து அங்கிருந்து வீசுங்கள். மறுகை தோளுக்கு நேரே, வெளிப்புறத்தில் பிடிக்க வேண்டும். பிடித்த கை பந்தைக் கீழ்வழியாகக் குழிவாக உள்ளே கொண்டுவந்து, தொப்புளருகே விட்டு, திருப்பி வீசட்டும். படுக்கப் போட்ட எட்டு என்ற எண்ணின் வடிவத்தில் பந்து ஓடும். இரண்டு பந்து மோதாமல் இருப்பதற்குக் காரணமே இந்த உள்ளே வீசி வெளியே பிடிக்கிற ஏற்பாடுதான்: ஏறுகிற பந்துக்கும் இறங்குகிற பந்துக்கும் தனித்தனி வழி.

உயரம் கண் மட்டம், அல்லது நெற்றிக்குச் சற்று மேல். பந்து உச்சிக்கு வரும் இடத்தை மட்டும் பாருங்கள். கையைப் பார்க்கக் கூடாது. உச்சி எங்கே என்று தெரிந்தால் எங்கே விழும் என்று கைக்குத் தெரிந்துவிடும். ஒவ்வொரு பந்து வந்து விழும்போதும் பிடிக்கும் கை இரண்டு அங்குலம் அதனோடு தாழ வேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவைக் கலக்கிய வித்தைக்காரர் பால் சிங்குவல்லி இரும்புப் பீரங்கிக் குண்டை மேலே எறிந்து பிடரியில் தாங்குவார். படும் நேரத்தில் உடம்பும் அதே திசையில் தாழ்ந்து வேகத்தை வாங்கிக்கொள்வதில்தான் உயிர் இருந்தது. விறைத்து நின்றிருந்தால் முதல் காட்சியிலேயே கதை முடிந்திருக்கும். ராகிப் பந்துக்கும் அதே விதி. விறைத்த கையில் பட்ட பந்து எகிறிப் போகும்.

இரண்டு பந்து

கைக்கு ஒன்று. வலது வீச்சு, அந்தப் பந்து உச்சியைத் தொடும் நேரத்தில் இடது வீச்சு, பிடி, பிடி, நிறுத்து. ‘வீசு, வீசு, பிடி, பிடி’ என்று வாய்விட்டுச் சொன்னால் தாளம் நிற்கும். அடுத்த முறை இடது கையில் தொடங்குங்கள். இரண்டு கையிலும் மாறி மாறித் தொடங்கிப் பழகாதவர்கள் மூன்றாவது பந்து வந்ததும் மாட்டிக்கொள்வார்கள்.

இங்கே ஒரு பொல்லாத பழக்கம் ஒட்டிக்கொள்ளும். வலது பந்து மேலே போனதும், இடது கை தன் பந்தை வீசாமல் நைசாக வலது கைக்குள் தள்ளிவிடும். பார்க்க வித்தை மாதிரியே இருக்கும். சிறு வயதில் இரண்டு காய் வைத்து ஆடியவர்களுக்கும், கார்ட்டூனில் பந்து வட்டமாகச் சுற்றுவதைப் பார்த்த பிள்ளைகளுக்கும் இது தானாக வரும். அந்த வட்ட ஓட்டம் உண்மையில் கடினமானது. ஒரு கையே எல்லா உயர வீச்சையும் செய்ய வேண்டும், பந்தும் கூடுதல் உயரம் போக வேண்டும். பழக்கம் விடவில்லை என்றால் இடது கையில் தொடங்குவதை மட்டும் ஒரு நாள் முழுக்கச் செய்யுங்கள். இரண்டு பந்தும் ஒரே உயரம் போகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், அல்லது செல்போனைச் சுவரில் சாய்த்து வீடியோ எடுங்கள். இடது பந்து ஒரு சாண் தாழ்வாகப் போவது கண்ணில் படும்.

மூன்று பந்து

வலது கையில் இரண்டு, இடது கையில் ஒன்று. இரண்டு பந்து உள்ள கையில் முதல் பந்து முன்விரல்களில் இருக்கட்டும், இரண்டாவதை மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கையோடு அணைத்துக்கொள்ளட்டும். தொடக்கம் எப்போதும் இரண்டு பந்து உள்ள கையிலிருந்துதான்.

வலது வீச்சு, அது உச்சியில், இடது வீச்சு, அது உச்சியில், வலது வீச்சு, நிறுத்து. மூன்று வீச்சு, மூன்று பிடி. முடிவில் இடது கையில் இரண்டு, வலது கையில் ஒன்று என்று இடம் மாறியிருக்க வேண்டும். பிடிக்க வராவிட்டால் கவலையே படாதீர்கள். முதல் பத்து இருபது முறை பிடிக்கவே வேண்டாம். மூன்றையும் சரியான உயரத்துக்கு வீசி, கட்டிலில் விழ விடுங்கள். மூன்றாவது பந்தை விட மறுத்துக் கை உறைந்து போவது எல்லோருக்கும் நடப்பது. இரண்டாவது பந்தைப் பார்த்துக்கொண்டே, பிடிக்கிறோமா இல்லையா என்ற நினைப்பே இல்லாமல் மூன்றாவதை வீசினால்தான் அந்தப் பூட்டு திறக்கும்.

மூன்று வீச்சு பத்துக்கு எட்டு முறை சுத்தமாக வந்த பிறகு நான்கு, ஐந்து, ஆறு என்று ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். முடிகிற வரை ஓட்டுவோம் என்று தாறுமாறாக ஓட்டினால் தாறுமாறுதான் பழகும். எண்ணிக்கை வைத்து, பந்து கையில் இருக்கும்போதே நிறுத்தப் பழகுங்கள்.

ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒரேயடியாக நிற்பதைவிடப் பத்துப் பத்து நிமிடமாக மூன்று நான்கு வேளை நிற்பது மேல். கை அசந்தபின் பழகுவது கெட்ட வீச்சைப் பழகுவதுதான். ஜெர்மனியில் போக்தான் டிரகான்ஸ்கி குழுவினர் 24 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2004-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. பாதிப் பேர் மூன்று மாதம் இந்த மூன்று பந்து வித்தையைப் பழகினார்கள். நகரும் பொருளைப் பார்த்தறியும் மூளைப் பகுதியில் சாம்பல் நிறத் திசு கூடியிருந்தது. அடுத்த மூன்று மாதம் பந்தைத் தொடாமல் விட்டதும் கூடியது குறைந்தும் போனது.

எங்கே கெடுகிறது

பந்து முன்னால் முன்னால் போய், நீங்களும் அதன் பின்னால் வாசல் வரை நடக்கிறீர்களா? பந்தைச் சீக்கிரமே விடுகிறீர்கள், அதாவது முன்கை தரைக்கு இணையாக வருவதற்கு முன்பே. சுவருக்கு ஒன்றரை அடி தள்ளி, சுவரைப் பார்த்து நின்று வீசுங்கள். முன்னால் போகும் பந்து சுவரில் இடித்து உடனே சொல்லிவிடும். சிலருக்குப் பந்து தோளுக்குப் பின்னால் வரும். அவர்கள் மணிக்கட்டைச் சுண்டுகிறார்கள். மணிக்கட்டு சும்மா இருக்க, முன்கைதான் தூக்க வேண்டும்.

பந்துகள் நடுவில் மோதினால் வெளியே பிடித்து வெளியிலிருந்தே வீசுகிறீர்கள் என்று அர்த்தம். ஒரு பந்துக்குத் திரும்பிப் போங்கள்.

போகப் போக வேகம் கூடி, ஆறாவது வீச்சில் எல்லாம் சரிந்து விழுவதுதான் மிகப் பரவலான கோளாறு. இதன் கணக்கைப் போட்டுக் காட்டியவர் கிளாட் ஷானன். இன்றைய கம்ப்யூட்டர், செல்போன் தொடர்புக்கெல்லாம் அடிப்படையான தகவல் கோட்பாட்டை 1948-ல் வகுத்த அதே ஷானன்தான். பெல் ஆய்வகத் தாழ்வாரத்தில் ஒற்றைச் சக்கர சைக்கிள் ஓட்டிக்கொண்டே பந்து வீசிப் போவார். பிள்ளைகளின் விளையாட்டு இயந்திரப் பாகங்களைக் கோர்த்து, இறுக்கிக் கட்டிய தோலின் மேல் மூன்று சிறு இரும்புக் குண்டுகளைத் துள்ள விட்டு வித்தை காட்டும் கருவி ஒன்றும் செய்தார். அவர் கண்ட சமன்பாடு இது: பந்து காற்றில் இருக்கும் நேரத்தையும் கையில் இருக்கும் நேரத்தையும் கூட்டி, கைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். கை வெறுமையாக இருக்கும் நேரத்தையும் பந்தோடு இருக்கும் நேரத்தையும் கூட்டி, பந்துகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். இரண்டும் சமமாக இருக்கும்.

நம் ராகிப் பந்துக்கு இதைப் போட்டுப் பார்க்கலாம். கையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரம் வீசினால் பந்து அரை நொடி காற்றில் இருக்கும். கையில் 0.4 நொடி தங்குகிறது என்றால், கை வெறுமையாக இருக்கும் நேரம் 0.2 நொடிதான். அதே பந்தை 60 சென்டிமீட்டருக்கு வீசினால் காற்றில் 0.7 நொடி, கைக்குக் கிடைக்கும் ஓய்வு 0.33 நொடி. பதற்றம் வருகிறவர்கள் கையை விரட்டுவார்கள், வீச்சு தாழும், ஓய்வு இன்னும் குறையும், பதற்றம் இன்னும் கூடும். மருந்து ஒன்றே: வேகம் கூடுவது போலத் தோன்றினால் இன்னும் ஒரு சாண் உயரமாக வீசுங்கள். ஆனால் உயரத்தை அளவில்லாமல் கூட்டவும் கூடாது. காற்றில் இருக்கும் நேரம் இரட்டிக்க வேண்டுமானால் உயரம் நான்கு மடங்காக வேண்டும். அவ்வளவு உயரத்தில் வீச்சின் சின்னக் கோணலும் இறங்கும்போது இரண்டடி விலகலாகிவிடும்.

அதற்குப் பிறகு

ஐம்பது பிடிக்கு மேல் தடையில்லாமல் ஓடினால் விளையாட்டுக் காட்டலாம். ஒரே ஒரு நிறப் பந்தை மட்டும் ஒவ்வொரு முறையும் மற்றவற்றின் மேலாகத் தாண்டிப் போகும்படி வெளியிலிருந்து வீசுங்கள். செய்வது லேசு, பார்க்கிற பிள்ளைகளுக்குப் பெரிய வித்தை. எல்லாப் பந்தையும் வெளியிலிருந்து உள்ளே வீசினால் ஓட்டமே தலைகீழாகத் தெரியும்.

நான்கு பந்து என்பது மூன்றின் தொடர்ச்சி அல்ல. கைக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கையும் தன் இரண்டு பந்தைத் தானே உள்ளிருந்து வெளியே சுழற்ற வேண்டும்; பந்து மறுகைக்குப் போகவே போகாது. அதனால் முதலில் ஒரு கையில் இரண்டு பந்து, பிறகு அடுத்த கையில் இரண்டு, பிறகுதான் சேர்த்து. தீப்பந்தம், கத்தி இதெல்லாம் வீட்டில் பழகுகிறவருக்குத் தேவையில்லாதது. திருவிழா மேடைக்குப் பந்தே தாராளம்.

ஐந்து பந்துக்கு ஆசைப்படுகிறவர்கள் கூரையைப் பார்த்துவிட்டு ஆசைப்பட வேண்டும். மூன்று பந்தின் அதே கை வேகத்தில் ஐந்தை ஓட்ட, பந்து 1.1 நொடி காற்றில் இருக்க வேண்டும். கைக்கு மேல் ஒன்றரை மீட்டர். தரையிலிருந்து கணக்குப் போட்டால் எட்டடிக்கு மேல் போகும், தகரக் கொட்டகையில் இடிக்கும். களத்துமேட்டுக்குப் போய்விடுங்கள். ரஷ்யாவின் சமாராவில் சர்க்கஸ் குடும்பத்தில் பிறந்து 1931-ல் தன் 34 வயதில் இறந்துபோன என்ரிகோ ராஸ்டெல்லி 10 பந்து வரை வீசினார். 2012-ல் அலெக்ஸ் பேரன் 11 பந்தில் 23 பிடி பிடித்தார். ஐந்து பந்தை எடுப்பதற்கு முன் மூன்று பந்தை அந்த ஒன்றரை மீட்டர் உயரத்துக்கே வீசி நூறு பிடி பிடிக்க வருகிறதா பாருங்கள். வந்தால் மூன்று ஆழாக்குப் பந்தையும் ஓரமாக வைத்துவிட்டு, 100 கிராம் அளவில் புதிதாக ஐந்து தையுங்கள். தொடங்கும்போது ஒரு கையில் மூன்று பந்து இருக்க வேண்டும். 130 கிராம் பந்து மூன்று பெரும்பாலானவர்களின் கையில் அடங்காது.